நோயாளி யார்? நாஜி மருத்துவர்களின் குற்றம் எழுப்பும் அறக்கேள்வி

1933 முதல் 1945 வரை நாஜி ஜெர்மனி நடத்திய கொலைத்திட்டங்களில் மருத்துவர்கள் நடுநாயகமாக இருந்தார்கள். யாரை மலடாக்குவது என்று தீர்ப்புச் சொன்னவர்கள் அவர்கள். மனநல விடுதிகளில் யாரைக் கொல்வது என்று படிவத்தில் குறியிட்டவர்களும், நச்சுவாயுக் குழாயைத் திறந்துவிட்டவர்களும், ஆஷ்விட்ஸ் ரயில்மேடையில் வந்திறங்கிய யூதர்களில் யார் உடனே சாக வேண்டும் என்று பிரித்தவர்களும் அவர்களே. அன்றைய ஜெர்மன் மருத்துவர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேர் நாஜிக் கட்சியில் சேர்ந்திருந்தனர். படித்தவர்கள் செய்யும் மற்றத் தொழில்களில் எதிலும் இவ்வளவு பேர் கட்சியில் சேரவில்லை.

உயிரைக் காப்பதற்கென்றே பயின்றவர்கள் உயிரைப் பறிக்க எப்படி முன்வந்தார்கள்? இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் எளிதில் சொல்லப்படுகின்றன. அவர்கள் மனித உருவில் திரிந்த அரக்கர்கள் என்பது ஒன்று. மேலிடத்து ஆணைக்கு அஞ்சிப் பணிந்தவர்கள் என்பது மற்றொன்று. வரலாற்று ஆவணங்களின் முன் இரண்டுமே நிற்பதில்லை. அந்த மருத்துவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கென்று ஓர் அறம் இருப்பதாக நம்பினார்கள். அந்த அறத்தில் நோயாளியின் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. குற்றத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

விதிகள் இருந்தன

மருத்துவ அறம் பற்றிய விதிகள் இல்லாத நாட்டில் இந்தக் கொடுமைகள் நடக்கவில்லை. 1930இல் லூபெக் நகரில் காசநோய்த் தடுப்பு மருந்து மாசுபட்டு எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. அதைத் தொடர்ந்து 1931இல் ஜெர்மன் உள்துறை அமைச்சகம் புதிய சிகிச்சைகளுக்கும் மனிதர்கள் மீதான பரிசோதனைகளுக்கும் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. பரிசோதனைக்கு உட்படுபவருக்கு உரிய விளக்கம் தந்து அவருடைய சம்மதத்தைப் பெற வேண்டும் என்று அவை வலியுறுத்தின. அக்காலத்தில் உலகில் வேறெங்கும் இவ்வளவு கண்டிப்பான விதிகள் இருந்ததாகச் சொல்வது கடினம்.

நாஜி ஆட்சியும் மருத்துவ அறத்தைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கவில்லை. 1939 முதல் மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவச் சட்டமும் அறமும் கட்டாயப் பாடமாகவே ஆக்கப்பட்டன. அதற்கு ருடோல்ஃப் ராம் எழுதிய பாடநூல் 1942இல் வெளிவந்தது. மருத்துவரின் முதற்கடமை இனத்தின் உடல்நலத்தைப் பேணுவது, தனிமனிதரின் நலம் அதற்குப் பின்னரே வரும் என்று அந்த நூல் கற்பித்தது. கடமை, தியாகம், பொறுப்பு ஆகிய சொற்களை அன்றைய மாணவர்கள் வகுப்பறையில் கேட்டுக்கொண்டேதான் வளர்ந்தார்கள். அந்தக் கடமை யாருக்கு உரியது என்பதில்தான் எல்லாம் தலைகீழாகியிருந்தது.

இனத்தின் உடல்

தனிமனிதரைவிட இனமே பெரிது என்ற இந்தக் கருத்து ஹிட்லரோடு பிறந்ததல்ல. மனிதகுலத்தின் பரம்பரையைத் திட்டமிட்டு மேம்படுத்தலாம் என்ற இனமேம்பாட்டுக் கொள்கை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல நாடுகளின் பல்கலைக்கழகங்களில் மதிப்போடு உலவியது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 1907லேயே கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தகைய சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் 1920இல் சட்ட அறிஞர் கார்ல் பிண்டிங்கும் மனநல மருத்துவர் ஆல்ஃபிரெட் ஹோக்கேயும் சேர்ந்து ஒரு சிறுநூலை வெளியிட்டனர். வாழத் தகுதியற்ற உயிர்கள் என்று ஒரு வகை உண்டு, அவற்றை அழிக்கச் சட்டம் அனுமதிக்கலாம் என்பது அதன் வாதம். முதல் உலகப் போரில் தோற்று, வறுமையில் உழன்ற நாட்டில், விடுதிகளில் கிடக்கும் நோயாளிகளுக்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்க்கும் மனப்போக்குக்கு அந்நூல் கல்வியின் மதிப்பைத் தந்தது.

1933 ஜூலை 14 அன்று நாஜி அரசு பரம்பரை நோயுள்ளவர்களுக்குப் பிள்ளை பிறப்பதைத் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிறவி அறிவுத்திறன் குறைபாடு, மனச்சிதைவு, வலிப்பு, பரம்பரையாக வரும் பார்வையின்மை, காதுகேளாமை, கடுமையான குடிப்பழக்கம் எல்லாம் அதன் பட்டியலில் இருந்தன. வழக்குகளை விசாரிக்கப் பரம்பரை நல நீதிமன்றங்கள் அமைக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு நீதிபதி, இரண்டு மருத்துவர்கள். நோயாளியைப் பற்றி நீதிமன்றத்துக்குத் தெரிவிப்பது மருத்துவரின் சட்டக்கடமை ஆயிற்று. நம்பிச் சொன்ன இரகசியமே நோயாளிக்கு எதிரான சாட்சியாக மாறியது. ஏறத்தாழ 4 லட்சம் பேர் இவ்வாறு கட்டாயமாக மலடாக்கப்பட்டனர்.

1933ஆம் ஆண்டிலேயே யூத மருத்துவர்கள் நோய்க்காப்பீட்டுப் பணிகளிலிருந்து வெளியேற்றப்படத் தொடங்கினர். 1938 செப்டம்பர் இறுதியில் அவர்களுடைய உரிமங்களே செல்லாதவையாக்கப்பட்டன. காலியான இடங்களுக்கு மற்றவர்கள் வந்தனர். கொள்கையும் பதவி ஆசையும் ஒரே திசையில் இழுத்தபோது எதிர்ப்புக்குரல் மிக அரிதாகவே எழுந்தது.

சிவப்புக் குறி

1939 அக்டோபரில் ஹிட்லர் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார். போர் தொடங்கிய செப்டம்பர் 1 என்ற தேதி அதில் முன்தேதியாக இடப்பட்டது. குணமாகாத நோயாளிகளுக்குக் கருணைக்கொலை வழங்கும் அதிகாரத்தைக் குறிப்பிட்ட மருத்துவர்களுக்குத் தரலாம் என்பது அதன் சாரம். பொறுப்பு ஃபிலிப் பௌலர் என்ற அதிகாரிக்கும் ஹிட்லரின் மருத்துவர் கார்ல் பிராண்டுக்கும் அளிக்கப்பட்டது. பெர்லினில் டீர்கார்ட்டன் தெரு 4ஆம் எண் கட்டடத்திலிருந்து இயங்கியதால் இத்திட்டம் டி4 என்று பெயர் பெற்றது. மருத்துவர்களை வற்புறுத்தும் சட்டம் எதுவும் இதற்குப் பின்னால் இல்லை. கடிதம் அனுமதிதான் தந்தது, கட்டளையிடவில்லை.

வேலை படிவங்களில் தொடங்கியது. மனநல விடுதிகளுக்கு அனுப்பப்பட்ட படிவத்தில் நோயாளியின் பெயர், வயது, நோய், இனம், அவரால் என்ன வேலை செய்ய முடியும், அவரைப் பார்க்க உறவினர் வருகிறார்களா என்ற கேள்விகள் இருந்தன. நிரப்பிய படிவம் மூன்று நிபுணர்களுக்குப் போகும். நோயாளியை அவர்கள் பார்ப்பதே இல்லை. சிவப்புப் பென்சிலால் கூட்டல் குறி போட்டால் சாவு. நீலத்தில் கழித்தல் குறி போட்டால் வாழ்வு. பிறகு சாம்பல் நிறப் பேருந்துகள் வரும். கிராஃபெனெக், பிராண்டன்பர்க், ஹார்ட்ஹைம், சோனென்ஸ்டைன், பெர்ன்பர்க், ஹடமார் ஆகிய ஆறு இடங்களில் கொலைக்கூடங்கள் இருந்தன. அங்கே நோயாளியின் ஆடையைக் களைந்து ஒரு மருத்துவர் சிறிது நேரம் பார்ப்பார். எந்த நோயால் இறந்ததாக எழுதினால் வீட்டார் நம்புவார்கள் என்று முடிவு செய்வதற்கே அந்தப் பார்வை. குளியலறை போலத் தோன்றும் அறைக்குள் கார்பன் மோனாக்சைடு வாயுவைத் திறந்துவிடும் வேலையும் மருத்துவருடையதே.

பின்னர் பொய்ப்பெயரில் ஒரு மருத்துவர் இரங்கல் கடிதம் எழுதுவார். சில வீடுகளுக்கு ஒரே நபரின் சாம்பல் இரண்டு கலசங்களில் வந்தது. குடல்வால் வீங்கி இறந்ததாக எழுதப்பட்டிருந்த ஒருவருக்குக் குடல்வால் பல ஆண்டுகளுக்கு முன்பே அறுத்து நீக்கப்பட்டிருந்தது. 1941 ஆகஸ்டு வரை இந்த ஆறு இடங்களிலும் 70,273 பேர் கொல்லப்பட்டதாகத் திட்டத்தின் சொந்தக் கணக்கேடே பதிவு செய்கிறது. குழந்தைகளுக்குத் தனித்திட்டம் இருந்தது. குறைந்தது 5,000 குழந்தைகள் மிகையான மருந்தாலும் பட்டினியாலும் கொல்லப்பட்டனர். வியன்னாவின் ஆம் ஷ்பீகல்குருண்ட் விடுதியில் மட்டும் 789 குழந்தைகள் இறந்தனர்.

முகாம்களில்

விடுதிகளில் பழகிய கைகள் கிழக்கே அனுப்பப்பட்டன. பெல்செக், சோபிபோர், டிரெப்ளிங்கா ஆகிய அழிப்பு முகாம்களை நடத்தியவர்களில் டி4 ஊழியர்கள் பலர். டிரெப்ளிங்காவின் முதல் தளபதி இர்ம்ஃப்ரீட் எபெர்ல் ஒரு மருத்துவர். அதற்கு முன் பிராண்டன்பர்க், பெர்ன்பர்க் கொலைக்கூடங்களின் தலைவர். நோயாளிகளைக் கொல்லும் முறை ஓர் இனத்தையே கொல்லும் முறையாக விரிந்தது.

ஆஷ்விட்ஸில் ரயிலிலிருந்து இறங்கியவர்களைப் பிரிக்கும் வேலை மருத்துவர்களுக்கு முறைவைத்து ஒதுக்கப்பட்டது. யார் வேலைக்கு ஆவார், யார் ஆகார் என்பது மருத்துவ முடிவாகக் கருதப்பட்டது. முதியோரும் சிறுவரும் குழந்தையோடு வந்த தாய்மாரும் நேரே நச்சுவாயு அறைக்குச் சென்றனர். நச்சு டப்பாக்கள் செஞ்சிலுவை வரைந்த வண்டியில் கொண்டுவரப்பட்டன. அங்கே பணியாற்றிய ஃபிரிட்ஸ் கிளைன் என்ற மருத்துவரிடம், மருத்துவ உறுதிமொழியோடு இது எப்படிப் பொருந்துகிறது என்று கைதியாக இருந்த மருத்துவர் எல்லா லிங்கன்ஸ் கேட்டார். அழுகிய குடல்வாலை உடலிலிருந்து வெட்டி எறிவது போன்றதே யூதர்களை அகற்றுவது என்னும் பொருளில் அவர் பதில் சொன்னார். உறுதிமொழியை மீறுவதாக அவர் எண்ணவில்லை, காப்பாற்றுவதாகவே எண்ணினார். மனிதர்களை ஓர் உடலின் உறுப்பாக்கி, அந்த உடலையே நோயாளியாகக் கொண்டால் கொலைக்கு அறுவை சிகிச்சை என்று பெயர் சூட்டிவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் தேவையில்லை.

பரிசோதனைகளும் இதே வழியில் வந்தவை. டாக்காவ் முகாமில் ஜிக்முண்ட் ராஷர் கைதிகளைக் காற்றழுத்தம் குறைந்த அறையிலும் பனிக்கட்டி நீரிலும் வைத்துச் சாகும்வரை அளவெடுத்தார். ஆஷ்விட்ஸில் கார்ல் கிளௌபர்க்கும் ஹோர்ஸ்ட் ஷூமனும் பெருந்திரளான மக்களை விரைவில் மலடாக்கும் வழி தேடினர். மானுடவியலிலும் மருத்துவத்திலும் இரண்டு முனைவர் பட்டங்கள் பெற்ற யோசஃப் மெங்கலே, இரட்டைக் குழந்தைகளின் உடற்கூறுகளைப் பெர்லினில் இருந்த தம் பேராசிரியரின் ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பினார். ஜெர்மன் அறிவியல் உலகின் உயர்ந்த இடங்கள் அவற்றைப் பெற்றுக்கொண்டன.

ராவென்ஸ்ப்ரூக் பெண்கள் முகாமில் போலந்துப் பெண்கள் 74 பேரின் கால்கள் கிழிக்கப்பட்டு, காயத்தில் கிருமிகளும் மரத்தூளும் கண்ணாடித் துகள்களும் வைக்கப்பட்டன. சல்ஃபோனமைடு மருந்தின் திறனைச் சோதிப்பதற்காக இது நடந்தது. ஆய்வை நடத்தியவர் கார்ல் கெபார்ட். உடனிருந்தவர் ஹெர்ட்டா ஓபர்ஹாய்சர் என்ற பெண் மருத்துவர். அந்தப் பெண்கள் அடங்கிக் கிடக்கவில்லை. முகாம் தளபதிக்கு எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவித்தனர். வீட்டுக்கு எழுதிய கடிதங்களின் வரிகளுக்கிடையே சிறுநீரைக் கண்ணுக்குத் தெரியாத மையாக்கி நடந்ததை எழுதி வெளியுலகுக்கு அனுப்பினர். அவர்களில் ஒருவரான யாத்விகா ஜீதோ 1946 டிசம்பரில் நூரம்பர்க் நீதிமன்றத்தில் நின்று தம் காலின் தழும்புகளைக் காட்டினார்.

சொன்ன சாக்குகள்

நூரம்பர்க் மருத்துவர் வழக்கு 1946 டிசம்பர் 9 அன்று தொடங்கியது. குற்றம் சாட்டப்பட்ட 23 பேரில் 20 பேர் மருத்துவர்கள். அவர்கள் தரப்பில் சொல்லப்பட்ட வாதங்களை மூன்றாகச் சுருக்கலாம்: ஆணைக்குக் கீழ்ப்படிந்தோம், போர்க்காலத்தில் பலரைக் காக்கச் சிலரைப் பலியிட வேண்டியிருந்தது, மற்ற நாடுகளிலும் சிறைக்கைதிகள் மீது பரிசோதனை நடந்திருக்கிறது.

ஆணை என்ற வாதத்தைப் பங்கெடுக்க மறுத்தவர்களின் வாழ்க்கையே பொய்யாக்குகிறது. கோட்டிங்கன் பேராசிரியர் கோட்ஃபிரீட் எவால்ட் 1940இல் டி4 திட்டத்தில் சேர அழைக்கப்பட்டபோது மறுத்து, தம் மறுப்பை எழுத்திலும் தெரிவித்தார். அவருடைய பதவி போகவில்லை, உயிரும் போகவில்லை. ஆஷ்விட்ஸில் கைதியாக இருந்த பிரெஞ்சு மருத்துவர் அடலெய்ட் ஓட்வால், எந்தக் காப்பும் இல்லாத நிலையிலும், கைதிகள் மீதான பரிசோதனைகளில் உதவ மறுத்தார். நெதர்லாந்தில் ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் நாஜிகளின் மருத்துவ மன்றத்தில் சேருவதைவிடத் தங்கள் மருத்துவர் பட்டத்தையே துறப்பதாக அறிவித்தனர். அவர்களில் பலர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டும் மற்றவர்கள் பணியவில்லை. பதவி உயர்வை இழப்பதற்கும் தலையை இழப்பதற்கும் இடையில் பெரிய தூரம் உண்டு. பெரும்பாலான ஜெர்மன் மருத்துவர்களிடம் கேட்கப்பட்ட விலை முன்னதுதான்.

பலருக்காகச் சிலர் என்ற வாதம் பார்வைக்கு வலுவானது. அதில் ஒரு மறைவு இருக்கிறது. தன்னைத் தானே பலியிடுவது தியாகம். அடுத்தவரைப் பலியிட்டுவிட்டு அதைத் தியாகம் என்று சொல்ல முடியாது. யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் பட்டினியில் வாடிய யூத மருத்துவர்கள், இஸ்ரேல் மிலெய்கோவ்ஸ்கி தலைமையில் 1942இல் பட்டினி நோயை ஆராய்ந்தனர். தாங்களும் தங்கள் நோயாளிகளும் ஒரே பசியில் இருக்கையில், யாரையும் வருத்தாமல், சாவின் நடுவே அறிவைச் சேகரித்தனர். அவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். மறைத்துவைத்த ஆய்வு 1946இல் நூலாக வெளிவந்தது. அறிவியலுக்கு அர்ப்பணிப்பு என்றால் என்ன என்பதற்கு அதுவே சான்று.

மற்ற நாடுகளும் செய்தன என்ற மூன்றாவது வாதம் அந்த நாடுகள் தங்களைத் திருத்திக்கொள்ளக் காரணமாகலாம். டாக்காவ் முகாமிலும் ராவென்ஸ்ப்ரூக்கிலும் செய்யப்பட்டதை அது குறைப்பதில்லை.

உளவியல் நோக்கிலும் விளக்கங்கள் வந்துள்ளன. முன்னாள் நாஜி மருத்துவர்களை நேரில் சந்தித்துப் பேசிய அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன், அவர்கள் தங்கள் ஆளுமையை இரண்டாக்கிக்கொண்டதாக 1986இல் எழுதினார்: வீட்டில் அன்பான தகப்பன், முகாமில் கொலையாளி. மனம் எப்படித் தாங்கியது என்பதை இது விளக்குகிறது. எனினும் விளக்கம் மன்னிப்பாகிவிடாது. இரண்டாகப் பிரித்துக்கொள்ளும் முடிவையும் அந்த ஒரே மனிதர்தான் எடுத்தார்.

குற்றத்தின் நான்கு படிகள்

கொன்றவர்களைத் தண்டிக்கலாம். படிவத்தை நிரப்பியவர், பேருந்தில் ஏற்றிவிட்ட செவிலி, கொல்லப்பட்டவர்களின் மூளைகளை ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பேராசிரியர், தெரிந்தும் வாய்மூடியிருந்த சக மருத்துவர் ஆகியோரின் பங்கை எப்படி அளப்பது? மனநல மருத்துவராகத் தொடங்கித் தத்துவ அறிஞரான கார்ல் யாஸ்பர்ஸ் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார். யூதப் பெண்ணை மணந்திருந்ததால் 1937இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகப் பதவியை இழந்தவர் அவர். போர் முடிந்தபின் குற்றம் பற்றி ஆற்றிய உரைகளை 1946இல் நூலாக்கினார்.

யாஸ்பர்ஸ் குற்றத்தை நான்காகப் பிரித்தார். சட்டத்தை மீறிய செயல் சட்டக்குற்றம். அதை விசாரிப்பது நீதிமன்றம். தன் அரசு செய்ததற்குக் குடிமகன் ஏற்க வேண்டிய பொறுப்பு அரசியல் குற்றம். கண்ணை மூடிக்கொண்டது, வசதிக்காக ஒத்துப்போனது எல்லாம் ஒழுக்கக் குற்றம். அதற்கு நீதிபதி மனச்சாட்சி. நான்காவது இவற்றையெல்லாம் கடந்தது. மனிதன் என்ற உறவால் ஒருவருக்கொருவர் கடன்பட்டவர்கள் நாம். கொடுமை நடக்கும்போது தடுக்க இயன்றதைச் செய்யாமல் உயிரோடிருப்பவர் கடவுளுக்கு விடைசொல்ல வேண்டும்.

இந்தப் பகுப்பு மருத்துவர்களுக்கு மிகவும் பொருந்துகிறது. நூரம்பர்க் தொட்டது முதல் வகையை மட்டுமே. படிவம் நிரப்பிய ஆயிரக்கணக்கானவர்கள் மூன்றாவது வகையில் விழுகிறார்கள். ஒவ்வொருவர் பங்கும் சிறிதாக இருந்ததால்தான் அந்த எந்திரம் தடையின்றி ஓடியது. பொறுப்பைப் பங்கிட்டால் அது குறைந்துவிடும் என்ற நம்பிக்கையை யாஸ்பர்ஸ் ஏற்கவில்லை. தன் பங்குக்கு ஒவ்வொருவரும் முழுமையாகவே பதில் சொல்ல வேண்டும்.

சமயங்களின் பங்கு

மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்று போதித்த கிறித்தவ சபைகள் இந்தச் சோதனையில் ஓரளவே தேறின. திருத்தந்தை 11ஆம் பயஸ் 1930லேயே கட்டாயக் கருத்தடையைக் கண்டித்திருந்தார். புராட்டஸ்டன்ட் போதகர் பவுல் பிரௌனே விடுதிக் கொலைகளை விவரித்து 1940இல் அரசுக்கு அறிக்கை அனுப்பிக் கைதானார். 1941 ஆகஸ்டு 3 அன்று மூன்ஸ்டர் ஆயர் கிளெமென்ஸ் ஃபான் காலன் பிரசங்க மேடையிலிருந்து கொலைகளை வெளிப்படையாகக் கண்டித்தார். பயன்படாதவரைக் கொல்லலாம் என்றால் நாளை முதியவருக்கும் ஊனமுற்றுத் திரும்பும் படைவீரருக்கும் அதே கதிதான் என்று எச்சரித்தார். உரையின் படிகள் நாடெங்கும் பரவின. அதே மாதம் 24ஆம் தேதி டி4 வாயுக் கொலைகளை நிறுத்த ஹிட்லர் உத்தரவிட்டார். பட்டினியாலும் ஊசியாலும் விடுதிகளில் கொலை போர் முடியும்வரை மறைவாகத் தொடர்ந்தது.

பேசினால் பலன் உண்டு என்று அந்த உரை காட்டியது. அதனாலேயே யூதர்கள் நாடு கடத்தப்பட்டபோது அதே மேடைகள் காத்த மௌனம் கனமானதாகிறது. சபைகள் நடத்திய விடுதிகள் பல, கட்டாயக் கருத்தடைக்கு ஒத்துழைத்திருந்தன என்பதையும் மறைக்க முடியாது.

கறைபடிந்த அறிவு

கொலையால் கிடைத்த அறிவைப் பயன்படுத்தலாமா என்பது இன்றும் உயிரோடுள்ள கேள்வி. டாக்காவ் முகாமின் குளிர்நீர்ப் பரிசோதனைக் குறிப்புகள் உயிர்காக்க உதவும் என்று சிலர் வாதிட்டனர். இனப்படுகொலையிலிருந்து தப்பியவரான அறுவை மருத்துவர் ராபர்ட் பெர்கர் 1990இல் அவற்றை ஆராய்ந்து, முறையும் முடிவுகளும் நம்பத்தகாதவை என்று காட்டினார்.

வியன்னா உடற்கூறியல் பேராசிரியர் எடுவார்ட் பெர்ன்கோப்ஃபின் படத்தொகுப்பு அப்படிப்பட்டதல்ல. அதன் படங்கள் துல்லியமானவை; நரம்பு அறுவை செய்பவர்கள் அண்மைக்காலம் வரை அதை நாடியிருக்கிறார்கள். நாஜி ஆட்சியில் தூக்கிலிடப்பட்டும் தலைவெட்டப்பட்டும் இறந்தவர்களின் உடல்கள் 1,300க்கு மேல் அவருடைய நிறுவனத்துக்கு வந்தன. 2017இல் யூத மதகுரு ஜோசஃப் போலாக் இதற்குச் சமய நெறியின் வழியே விடை தந்தார். குழந்தையாக இருக்கையில் பெர்கன்-பெல்சன் முகாமிலிருந்து தப்பியவர் அவர். உயிரைக் காப்பது யூத நெறியில் ஏறத்தாழ எல்லா விதிகளையும் விட மேலானது. ஆகவே ஒரு நோயாளியைக் காக்கப் படத்தைப் பார்க்கலாம். அந்தப் படம் யாருடைய உடலிலிருந்து எப்படி வந்தது என்பதைச் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. இறந்தவரை மறைத்துவிட்டு அவரால் பயன்பெறுவது இரண்டாவது முறை அவரைக் களவாடுவதாகும்.

தீர்ப்புக்குப் பின்

1947 ஆகஸ்டில் நூரம்பர்க் வழக்கில் தீர்ப்பு வந்தது. 16 பேர் குற்றவாளிகள். அவர்களில் கார்ல் பிராண்ட், கெபார்ட் உட்பட 7 பேர் 1948 ஜூன் 2 அன்று தூக்கிலிடப்பட்டனர். தீர்ப்பின் பகுதியாக எழுதப்பட்ட பத்து விதிகள் நூரம்பர்க் நெறிமுறை என்று வழங்குகின்றன. பரிசோதனைக்கு உட்படுபவரின் சுதந்திரமான சம்மதம் இன்றியமையாதது என்பது முதல் விதி. பரிசோதனையின் நடுவே விலகிக்கொள்ளும் உரிமையும் அந்த நெறிமுறையில் உண்டு.

மருத்துவ உலகம் தன்னைத்தானே விசாரிக்க நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. ஓபர்ஹாய்சர் 1952இல் விடுதலையாகி மீண்டும் மருத்துவம் பார்த்தார். எதிர்ப்புகளுக்குப் பிறகு 1958இல்தான் உரிமம் பறிக்கப்பட்டது. மெங்கலேயின் பேராசிரியர் ஓட்மர் ஃபான் ஃபெர்ஷூயர் 1951இல் மூன்ஸ்டரில் பேராசிரியரானார். ஷ்பீகல்குருண்ட் மருத்துவர் ஹைன்ரிஷ் குரோஸ், அங்கே கொல்லப்பட்ட குழந்தைகளின் மூளைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார்; 1975இல் ஆஸ்திரிய அரசு அவருக்கு விருது அளித்தது. கண்ணாடிக் குடுவைகளில் இருந்த அந்த எச்சங்கள் 2002இல்தான் அடக்கம் செய்யப்பட்டன. ஜெர்மன் மருத்துவர் பேரவை 2012 மே மாதம் நூரம்பர்க்கில் கூடி, மருத்துவர்கள் வற்புறுத்தப்படாமல் தாமாகவே இக்குற்றங்களில் பங்கெடுத்தார்கள் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அதற்குள் தீர்ப்பு வந்து ஏறத்தாழ 65 ஆண்டுகள் கடந்திருந்தன.

மருத்துவருக்கு எதிரே இருக்கும் மனிதரே அவருடைய நோயாளி. நாடு, இனம், சமூகச் செலவு, வருங்காலத் தலைமுறை, அறிவியலின் வளர்ச்சி ஆகிய எதுவும் அந்த இடத்துக்கு வரக்கூடாது. அவற்றுக்கு மருத்துவர் செய்ய வேண்டிய தொண்டு உண்டு. ஆனால் ஒரு மனிதரை அவருடைய சம்மதமின்றி அவற்றுக்குக் காணிக்கையாக்கும் உரிமை எந்த மருத்துவருக்கும் இல்லை, எந்த அரசும் அதை வழங்க முடியாது. இன்னார் வாழ்வதால் என்ன பயன் என்ற கேள்வி ஒரு மருத்துவமனையிலோ அரசு அலுவலகத்திலோ எழும்போது, படிப்பும் பட்டமும் உள்ளவர்கள் அதை எழுப்புகிறார்கள் என்பதற்காக அதற்கு மதிப்புத் தரக்கூடாது. அந்தக் கேள்வியை முதல்முறை கேட்கும்போதே மறுத்துவிட வேண்டும்.